மதுரை மாணவரும் அமெரிக்க ஆட்சிமுறையும்

அமெரிக்கன் கல்லூரி என்னும் பெயர் மதுரை மக்களின் காதுக்கு மிகவும் பழகிப்போன ஒன்று. ஆங்கிலேயர் ஆண்ட ஊரில், அதே ஆங்கிலேயரின் ஆட்சியை உதறி 1776-இல் விடுதலை அறிவித்த நாட்டின் பெயரைத் தாங்கி ஒரு கல்லூரி நின்றது. அப்பெயரில் அடங்கிய முரணை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. அங்குப் படித்த இளைஞர்கள் அந்நாட்டின் ஆட்சிமுறையை எவ்வாறு அறிந்தனர், அறிந்ததை எங்கே பயன்படுத்தினர் என்பது தனியே எழுதத்தக்க வரலாறு.

அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து தம் பணியைத் தொடங்கினர். ஈராண்டுகளுக்குப்பின் வந்தவர் டேனியல் பூவர். தமிழ்ப் பதிப்புலகின் முன்னோடி சி. வை. தாமோதரம் பிள்ளை பின்னாளில் பயின்ற வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் தலைவர் இவரே. 1881-இல் பசுமலையில் உருவான கல்லூரி, வாஷ்பர்ன், சம்ப்ரோ ஆகியோர் முயற்சியால் வளர்ந்து, 1904-இல் மதுரைக்கு வந்தது. 1909-இல் வைகையின் வடகரையில் இன்றைய இடத்தில் அமைந்தது. ஹென்றி இர்வின் வடிவமைத்த செங்கல் மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது.

ஆசிரியர்கள் குடியாட்சி நாட்டினர். ஆனால் அவர்கள் வாய் கட்டப்பட்டிருந்தது. முதல் உலகப் போருக்குப்பின் பிரிட்டிஷ் அரசு அயல்நாட்டுச் சமயச் சங்கங்களிடம் ஓர் உறுதிமொழி பெற்றது. சட்டப்படி அமைந்த அரசுக்கு உரிய மதிப்பும் கீழ்ப்படிதலும் காட்டுவதும், அரசியலில் தலையிடாதிருப்பதும் அதன் சாரம். அமெரிக்கச் சங்கங்களும் இதற்கு உட்பட்டன. பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை என்ற முழக்கத்தை வரலாற்றுப் பாடமாக நடத்தலாம்; உப்பு வரியைப் பற்றி அதே ஆசிரியர் பேசலாகாது. இதைவிடக் கடுமையான தேர்வு ஓர் ஆசிரியருக்கு வாய்த்திருக்க முடியாது.

அந்தத் தேர்வில் தம் மனச்சான்றின் வழி நடந்தவர் ரால்ப் ரிச்சர்டு கெய்தான். மதுரை மிஷனில் பணியாற்றிய இந்த அமெரிக்கர் கதர் உடுத்தினார். காந்தியடிகள் 1930 மார்ச்சில் வைசிராய்க்கு எழுதிய கடிதத்தை எடுத்துச் சென்ற ஆங்கில இளைஞர் ரெஜினால்டு ரெனால்ட்சு மதுரை வந்தபோது தம் இல்லத்தில் தங்கவைத்தார். விளைவு, அவ்வாண்டிலேயே கெய்தான் இந்தியாவைவிட்டு வெளியேற நேர்ந்தது. திரும்பி வந்தவரை 1944-இல் அரசு மீண்டும் வெளியேற்றியது. விடுதலைக்குப்பின் அவர் வந்து சேர்ந்த காந்திகிராமத்துக்கு, 1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் வருகை தந்தார். அமெரிக்காவின் அன்றைய அரசியலை, அதுவும் அதன் பாடநூல்கள் பெரிதாகக் கூறாத நிறவெறிப் பக்கத்தை, திண்டுக்கல் சீமை நேரில் கண்டது அப்போதுதான்.

அமெரிக்காவில் மாணவர்கள் அரசியல் கற்றவிதமே வேறு. ஒகையோ மாநிலத்து ஒபர்லின் கல்லூரியில் 1860 முதல் மாதிரிக் கட்சி மாநாடு நடத்தும் வழக்கம் இருந்தது. குடியரசுத் தலைவர் தேர்தல் வரும் ஆண்டுகளில் மாணவர்கள் மாநிலவாரியாகப் பேராளர்களாகப் பிரிந்து, வாதிட்டு, வாக்களித்து வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பர். அதே கல்லூரியோடு இணைந்த ஒபர்லின் சான்சி அமைப்பு, சீனாவில் 1949-இல் ஆட்சி மாறிய பின்னர் மதுரையை நாடியது. ஒபர்லின் பட்டதாரிகள் ஆங்கிலம் கற்பிக்க அமெரிக்கன் கல்லூரிக்கு வரலாயினர்.

அமெரிக்க ஆட்சிமுறையைத் தமிழில் கற்பதற்குச் சொற்களே முதல் தடை. மதுரை மாணவனுக்குக் காங்கிரஸ் என்றால் இரட்டைக் காளைச் சின்னம் கொண்ட கட்சி. அமெரிக்காவில் அது சட்டமியற்றும் மன்றம். ஜனாதிபதி என்னும் ஒரே சொல், அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்கும் இராசேந்திர பிரசாத்தையும், தாமே அரசை நடத்தும் ஐசனோவரையும் குறித்தது. தேர்தல் கல்லூரி என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அது பட்டம் வழங்கும் நிலையம் என எண்ண இடமுண்டு. வாக்காளர் குழாம் என்பதே பொருத்தம். 538 பேர் கொண்ட அக்குழாத்தால் நாடெங்கும் மிகுதியான வாக்குப் பெற்றவரும் தோற்பதுண்டு. 2000-இலும் 2016-இலும் அது நிகழ்ந்தது. சொல்லைத் திருத்தாமல் பொருளை விளக்க இயலாது என்பதை நல்லாசிரியர்கள் உணர்ந்தேயிருப்பர்.

இன்னொரு வேறுபாடு தமிழ் மாணவனை உறுத்தியிருக்கும். அமெரிக்க அரசியலமைப்பில் ஆட்சிமொழி பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கும் ஆணை 2025 மார்ச்சில்தான், அதுவும் தலைவரின் ஆணையாக, வந்தது. இந்திய அரசியலமைப்போ 17-ஆம் பகுதி முழுவதையும் மொழிக்கு ஒதுக்கியது. அதன் 343-ஆம் பிரிவு குறித்த பதினைந்தாண்டுத் தவணை 1965 சனவரி 26-இல் முடிந்தது.

அதற்கு முந்திய நாள், சனவரி 25-இல், மதுரைக் கல்லூரி மாணவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். காங்கிரஸ் அலுவலகத்தருகே மோதல் மூண்டது. மாணவர் சிலர் காயமுற்றனர். அங்கு மூண்ட தீ மாநிலமெங்கும் பரவியது. அரசியலமைப்பின் 17-ஆம் பகுதியை எரிப்பது அப்போராட்டத்தின் வடிவங்களுள் ஒன்று. எரிப்பதற்கு முன் அதைப் படித்தாக வேண்டும். அந்த ஆண்டில் மாணவர்கள் படித்த அளவுக்கு அரசியலமைப்பைப் பாடத்திட்டம் ஒருபோதும் படிக்க வைத்ததில்லை எனலாம். அப்போராட்டத்தில் முன்னின்ற தியாகராசர் கல்லூரி மாணவர்களுள் நா. காமராசன் கவிஞராகப் புகழ்பெற்றார், கா. காளிமுத்து 2001-இல் தமிழ்நாடு சட்டமன்றப் பேரவைத் தலைவரானார்.

தில்லியில் 1966-67 கல்வியாண்டில் பள்ளி மாணவருக்கு இளைஞர் நாடாளுமன்றப் போட்டியை அரசு தொடங்கியது. மாணவர்கள் அமைச்சராகவும் எதிர்க்கட்சியினராகவும் வேடமேற்றுப் பேசினர். அதே கல்வியாண்டில், 1967 பொதுத்தேர்தலில், மதுரைக்குத் தெற்கே விருதுநகரில் வேடமற்ற தேர்தல் நடந்தது. 1965 போராட்டத்தின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராக இருந்த காமராசரை 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்தார்.