திருச்சிராப்பள்ளியும் பொதுத் திருச்சபைக் கருத்தும்

கிறிஸ்தவ சபைகளில் பெரும்பாலானவை தங்கள் விசுவாச அறிக்கையில் திருச்சபையை ஒன்றே எனவும், பொதுவானது எனவும் அறிக்கையிடுகின்றன. 'கத்தோலிக்க' என்னும் கிரேக்க வழிச் சொல்லுக்கும் 'எங்கும் பரந்த, பொதுவான' என்பதே பொருள். ஆயினும் அந்த ஒரே சபையில் உறுப்பினராவது எவ்வாறு என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இவ்வேறுபாட்டின் வரலாற்றைத் திருச்சிராப்பள்ளியில் தெளிவாகக் காணலாம்.

சுவார்ட்சும் கோட்டை ஆலயமும்

1752 ஜூன் மாதம் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அதன்பின் திருச்சிக் கோட்டையில் ஆங்கிலேயப் படை நிலைத்தது. இங்கு 1762இல் வந்த ஜெர்மானியரான கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்சு லுத்தரன் குரு. டேனிய அரசின் தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்தவர். பின்னர் இலண்டனிலிருந்த ஆங்கிலிக்கச் சங்கமான கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அவருக்கு ஆதரவளித்தது. தமிழ் மக்களுக்கும் ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் அவரே வழிபாடு நடத்தினார். 1766இல் கோட்டைப் பகுதியில் கிறிஸ்து ஆலயம் எழுந்தது. லுத்தரன் குருவின் ஊழியத்தை ஆங்கிலிக்கர் ஏற்றுக்கொண்ட காலம் அது.

ஹீபர் பேராயர்

1826 ஏப்ரல் 3 காலையில், கல்கத்தாப் பேராயர் ரெஜினால்டு ஹீபர் அதே கோட்டை ஆலயத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் அளித்தார். அன்றே குளிக்கும்போது இறந்தார். தூய யோவான் ஆலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். இக்காலத்தையொட்டி மிஷன் பணி ஆங்கிலிக்க நிர்வாகத்தின்கீழ் வந்தது. பேராயரால் அபிஷேகம் பெறாத குருவின் ஊழியம் செல்லுமா என்ற கேள்வியும் வலுத்தது. 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என ஆணையிட்டபோது தஞ்சை, திருச்சிப் பகுதிகளில் பலர் விலகினர். அவர்களுள் சிலர் பின்னர் லைப்சிக் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர்.

சபைகளின் விளக்கங்கள்

கத்தோலிக்கர், ரோமைத் திருத்தந்தையுடனும் அவரோடு இணைந்த ஆயர்களுடனும் கொண்ட உறவைப் பொதுச் சபையின் காணக்கூடிய அடையாளமாகக் கருதுகின்றனர். 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், முறையாகத் திருமுழுக்குப் பெற்ற பிற சபையாரும் குறைவுள்ளதாயினும் உண்மையான உறவில் உள்ளனர் என்று ஏற்றது. ஆயினும் பொதுவாக நற்கருணைப் பகிர்வு இல்லை.

லுத்தரன் சபையார் 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கையைப் பின்பற்றுகின்றனர். நற்செய்தி தூய்மையாகப் போதிக்கப்பட்டு, திருவருட்சாதனங்கள் சரியாக வழங்கப்பட்டால் ஒற்றுமைக்கு அதுவே போதும்; சடங்குகள் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை என்பது அதன் கருத்து.

ஆங்கிலிக்கர் 1888இல் நான்கு அடிப்படைகளை முன்வைத்தனர்: வேதாகமம், விசுவாச அறிக்கைகள், ஞானஸ்நானம் மற்றும் திருவிருந்து, வழிவழி வந்த பேராயர் பணி.

பெந்தெகொஸ்தே சபைகள், மனந்திரும்பி மறுபிறப்படைந்த ஒவ்வொருவரும் பொதுச் சபையின் உறுப்பினர் என்கின்றன. எனவே குழந்தைப் பருவத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்க்கும் முழுக்கு ஞானஸ்நானம் அளிப்பதுண்டு. மற்ற சபைகள் இதை மறு ஞானஸ்நானமாகக் கருதி ஏற்பதில்லை.

1919 முதல் 1947 வரை

1919 ஜனவரியில் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. இதன் தலைமையகம் இன்று திருச்சியில் உள்ளது. அதே ஆண்டு மே மாதம், வே. சா. அசரியா உள்ளிட்ட ஆங்கிலிக்க, தென்னிந்திய ஐக்கிய சபைக் குருமார் தரங்கம்பாடியில் கூடி ஒரே சபையாக இணைய அழைப்பு விடுத்தனர். மேனாட்டில் தோன்றிய பிரிவினைகள் இந்திய மண்ணில் ஏன் தொடர வேண்டும் என்பதே அவர்களின் வாதத்தின் மையம்.

பேச்சுவார்த்தை 28 ஆண்டுகள் நீண்டது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உதயமானது. பேராயரால் அபிஷேகம் பெறாத குருமாரும் மறு அபிஷேகம் இன்றி ஏற்கப்பட்டனர். இனிவரும் அபிஷேகங்களைப் பேராயர்களே செய்வர் என முடிவாயிற்று. இதனால் உலக ஆங்கிலிக்க சபைகள் உடனடியாக முழு உறவு கொள்ளவில்லை. லுத்தரன் சபைகளுடன் 1948 முதல் உரையாடல் நடந்தும் இணைப்பு கைகூடவில்லை. சுவார்ட்சை முன்னோராகக் கொண்டாடும் இரு சபைகள் திருச்சியில் இன்றும் தனித்தனியே இயங்குகின்றன.

இன்றைய நிலை

கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து உருவாக்கிய தமிழ் விவிலியப் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. 1999இல் கத்தோலிக்கரும் உலக லுத்தரன் கூட்டமைப்பும், மனிதர் கடவுளின் அருளால் விசுவாசத்தின் வழியே நீதிமான்களாக்கப்படுகின்றனர் என்பதில் கூட்டறிக்கை வெளியிட்டனர்.

இருப்பினும் கோட்பாட்டு வேறுபாடு மட்டுமே தடை அன்று. மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் போராட்டங்களுக்குக் காரணமாயிற்று. அங்கு பிரிக்கப்பட்டோர் வேறு வேறு சபையினர் அல்லர். ஒரே ஆயரின்கீழ் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். பொதுத் திருச்சபை என்னும் கருத்து, சபைகளின் ஒப்பந்தங்களோடு ஒரே சபைக்குள் நிலவும் சமத்துவத்தாலும் அளக்கப்பட வேண்டியது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.