கறுப்பில்லாத கறுப்புப் பூஞ்சை

கொரோனா இரண்டாம் அலையைப் பற்றி எல்லோரும் எழுதியாயிற்று. நாக்பூரில் இருந்துகொண்டு நான் எழுத நினைப்பது அதன் வாலைப் பிடித்து வந்த மியூகோர்மைகோசிஸ் பற்றி. (நான் டாக்டர் இல்லை, பி.காம். படித்த வங்கிக்காரன். கணக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில் பெயர். 'கறுப்புப் பூஞ்சை' என்பதே தப்பு. பூஞ்சை கறுப்பில்லை. அது ரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைக்க, ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கிறது. மூக்கில் ஆரம்பித்து சைனஸ், கண், கடைசியில் மூளை. செத்த சதையை வெட்டி எடுத்தாக வேண்டும். கண்ணையும் மேல்தாடையையும் கொடுத்து உயிர் பிழைத்தவர்கள் அனேகம் பேர்.

இது புது வியாதியும் இல்லை. 1885லேயே பால்டாஃப் என்பவர் இதை விவரித்திருக்கிறார். கட்டுக்கடங்காத சர்க்கரையோடு இதற்கு இருக்கும் சிநேகம் 1940களிலேயே தெரியும். நம் ஊரில் சண்டிகர் பி.ஜி.ஐ.யின் அருணாலோக் சக்ரவர்த்தி குழு, சர்க்கரை நோயாளிகளிடம் இது பெருகி வருகிறது என்று 2006ல் தலைப்பிலேயே சொல்லிக் கட்டுரை போட்டது. யார் படித்தார்கள்?

பிறகு வந்தது ஸ்டீராய்டு. 2020 ஜூனில் இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு டெக்ஸாமெதசோன் உயிர் காக்கும் என்றது. அளவு தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவருக்குப் பலனில்லை என்றும் சொன்னது. இந்தப் பின்பாதிதான் காற்றில் போனது. வாட்ஸப்பில் சுற்றிய மருந்துச் சீட்டைப் பார்த்து, லேசான காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டு விழுங்கினார்கள். அது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், சர்க்கரையை ஏற்றும். வீட்டுக்கு வீடு ஆக்ஸிமீட்டர் வாங்கினோம், குளுக்கோமீட்டர் வாங்கியவர் எத்தனை பேர்? பழியை ஆவி பிடித்ததன் மேலும் துத்தநாக மாத்திரை மேலும் போட்டோம். அவை எதுவும் நிரூபணமாகவில்லை.

நாட்டின் 16 மருத்துவமனைகளில் 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 287 நோயாளிகள், அதில் 187 பேர் கொரோனா வந்தவர்கள். முந்தைய வருடத்தின் அதே மாதங்களைப் போல 2.1 மடங்கு. வங்கியில் ஒரு கடன் வராக்கடன் ஆகும் முன்பே எஸ்.எம்.ஏ. என்று குறித்துக் கண்காணிப்போம். இதுவும் அப்படிக் குறித்திருக்க வேண்டிய கணக்கு. ஆனால் அச்சில் வந்தது 2021 ஜூனில். அதற்குள் ராஜஸ்தான் இதைக் கொள்ளைநோய் என்று அறிவித்து, மத்திய அரசும் 1897ம் வருடத்துச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு நோயாளியையும் பதியச் சொல்லிவிட்டது. (பம்பாய் பிளேக்குக்காக வெள்ளைக்காரன் போட்ட சட்டம் அது.)

மருந்து லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி. கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 300. குப்பிக்கு 50 வீதம் 6 குப்பி. குப்பி 7,000 ரூபாய் என்றால் தினம் 42,000. மூன்று வாரத்துக்கு 8,82,000! ஆஸ்பத்திரி பில், ஆபரேஷன் தனி. 5 சதவீத ஜி.எஸ்.டி.யை எடுக்க ஜூன் 12 ஆயிற்று. பக்கத்து வர்தாவில் இதே மருந்தை வேறு வடிவத்தில் 1,200 ரூபாய்க்குத் தயாரிக்கப் போவதாக மே கடைசியில் அறிவிப்பு வந்தபோது, எங்கள் கிளையில் அதைப் பற்றித்தான் பேச்சு.

காரணம் நகைக்கடன் கவுண்டர். தம்பிக்காக வளையல்களைக் கொண்டுவந்த ஒரு அம்மாவுக்கு அரை மணியில் பணம் கொடுத்துவிட்டோம். ஊரில் மருந்துதான் இல்லை. நான்கு நாள் கழித்து ஹைதராபாத்திலிருந்து கிடைத்தது.

ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: 45,374 நோயாளிகள், 4,332 மரணங்கள். மகாராஷ்டிராவும் குஜராத்தும்தான் முன்னணி.

அந்த அம்மாவின் தம்பி பிழைத்தார், இடது கண் போய்விட்டது. வளையல்களை 2023ல் மீட்டார்கள்.