கொம்பனித்தெரு: பாதியாய் நிற்கும் ஒரு பெயர்

கொழும்பு 2 என்று அஞ்சல் முகவரியில் எழுதப்படும் பகுதிக்கு நெடுங்காலமாக இரண்டு பெயர்கள். தமிழில் கொம்பனித்தெரு, சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய. இவை இரண்டும் ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் மட்டும் முற்றிலும் வேறு: ஸ்லேவ் ஐலண்ட், அதாவது அடிமைத் தீவு. இங்கே மரபு நடைக்கு வருகிறவர்கள் வழிகாட்டியிடம் முதலில் கேட்பது இதைத்தான். தீவையே காணோமே, அடிமைகள் எங்கிருந்து வந்தார்கள்? தமிழில் ஏன் அந்தப் பேச்சே இல்லை?

தமிழ்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். இன்றைய இலங்கைத் தமிழில் வணிக நிறுவனத்தைக் கம்பனி என்கிறோம். அது ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஊர்ப்பெயரில் இருப்பதோ 'கொம்பனி'. முதலெழுத்தில் உள்ள இந்தச் சிறு வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. சிங்களத்திலும் இதே கதைதான்: நிறுவனத்துக்கு இன்று வழங்கும் சொல் கொம்பெனிய, ஊர்ப்பெயரில் மட்டும் கொம்பஞ்ஞ. அந்த 'ஞ' ஆங்கில ஒலிப்பில் கிடையாது. போர்த்துக்கேயரின் 'கொம்பஞ்ஞியா'விலும் ஒல்லாந்தரின் 'கொம்பஞ்ஞி'யிலும் உண்டு. ஆகவே, ஆங்கிலேயர் 1796இல் கொழும்பைக் கைப்பற்றுவதற்கு முன்பே இந்தச் சொல் இரு மொழிகளிலும் ஊறியிருக்க வேண்டும். சிங்களம் 'ஞ'வைக் காத்தது. தமிழ் அதை 'ன'வாக்கிக்கொண்டது. தமிழகத்தில் இதே சொல் கும்பினி என்று திரிந்து, ஆங்கிலேயக் கம்பெனியைக் குறிக்கும் சொல்லாகக் கதைப்பாடல்களில் ஏறியது.

பெயரில் உள்ள கொம்பனி எது? 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி என்பது ஒரு விளக்கம். 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பறித்து, நூற்று நாற்பது ஆண்டுகள் ஆண்டது அதுதான். படைப்பிரிவையும் கம்பனி என்பார்கள் அல்லவா, மலாய்ப் படைப்பிரிவுகள் இங்கே தங்கியதால் அமைந்த பெயர் இது என்பது இன்னொரு விளக்கம். என் மனம் முதல் விளக்கத்தின் பக்கமே சாய்கிறது. ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பில் அடைமொழி எதுவும் இல்லாமல் 'கொம்பனி' என்றால் அது அரசாங்கம்தான். நிலம் அதனுடையது, கறுவா அதனுடையது, மனிதர்களும் அதனுடையவர்கள்.

அந்த மனிதர்களிடம்தான் ஆங்கிலப் பெயர் போகிறது. கோட்டைக்கு வெளியே, பேரா வாவி மூன்று பக்கமும் சூழ்ந்த நாக்குப் போன்ற நிலம் இது. பகலெல்லாம் கோட்டையில் சுமை தூக்கியும் மதில் கட்டியும் உழைத்த அடிமைகளை, இருட்டியதும் இங்கே கொண்டுவந்து கணக்கெடுத்து அடைத்தார்கள். வீட்டு அடிமைகள் சிலர் ஒல்லாந்த அதிகாரி ஒருவரைக் கொன்ற பிறகே இந்த ஏற்பாடு வந்தது என்பதும், தப்பி ஓடாமலிருக்க வாவியில் முதலைகள் விடப்பட்டன என்பதும் கொழும்பில் வழிவழியாகச் சொல்லப்படுபவை. கொலைக் கதையையும் முதலைக் கதையையும் வழிகாட்டிகள் விரும்பிச் சொல்கிறார்கள். அவற்றைவிட அந்த அந்தி நேரக் கணக்கெடுப்பு எனக்குக் கனமாகப் படுகிறது.

ஒல்லாந்தர் ஆட்சியில் தனியார் வீட்டு அடிமைகள் வேறு, கம்பனிக்குச் சொந்தமான அடிமைகள் வேறு. பின்னவர்களைக் 'கம்பனியின் அடிமைகள்' என்றே ஏடுகளில் எழுதினார்கள். நம் ஊரின் இரு பெயர்களும் இந்த ஒரே தொடரின் இரு பாதிகள் என்று நான் கருதுகிறேன். ஆங்கிலேயர் 'அடிமைகள்' என்ற பாதியை எடுத்துக்கொண்டார்கள். தமிழும் சிங்களமும் 'கம்பனி' என்ற பாதியை வைத்துக்கொண்டன. ஒரு பெயர் அடைபட்டவரைச் சொல்கிறது. மற்றது அடைத்தவரைச் சொல்கிறது. இதே கம்பனி ஆண்ட கேப் டவுனில் இரு பாதிகளையும் அருகருகே பார்க்கலாம். 1679இல் கம்பனி தன் அடிமைகளுக்கென்று கட்டிய ஸ்லேவ் லாட்ஜ் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதை ஒட்டியே இருக்கிறது கம்பனித் தோட்டம்.

அடிமை முறை இலங்கையில் 1844இல் முற்றாக ஒழிந்தது. அதற்கு முன்பே கொம்பனித்தெரு வேறு மக்களின் ஊராகத் தொடங்கிவிட்டது. ரைபிள் வீதி, மலே வீதி, ஜாவா லேன் என்று தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் அந்த வரலாறு கிடைக்கும். ஒல்லாந்தர் ஜாவாவிலிருந்து அரச குடும்பத்தவரை இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். மாத்தராம் அரசர் மூன்றாம் அமங்குராட் 1708இல் வந்து இந்த மண்ணிலேயே இறந்தார். படைவீரர்களும் வந்தார்கள். அவர்களின் வழியினரை ஆங்கிலேயர் மலாய்ப் படையாக்கினர். சிலோன் ரைபிள்ஸ் என்று பின்னர் பெயர்பெற்ற அந்தப் படை 1873இல் கலைக்கப்பட்டது. ரைபிள் வீதி அந்தப் படையின் நினைவு.

வேகந்தைப் பள்ளிவாசலை நடையில் யாரும் தவறவிடுவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயர் எழுப்பியது. வேகந்த என்பது சிங்களச் சொல். குளத்துக் கரை என்று பொருள். வாவி எதுவரை வந்து நின்றது என்பதை அந்தப் பெயரே காட்டிவிடுகிறது. கியூ வீதியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவைப் பின்பற்றி ஆங்கிலேயர் 1810 அளவில் இங்கே ஒரு தோட்டம் அமைத்து அதே பெயரை வைத்தார்கள். தோட்டம் 1813இல் களுத்துறைக்கும் 1821இல் பேராதனைக்கும் போய்விட்டது. பெயர் இங்கேயே தங்கிவிட்டது. முருகன் கோயிலுக்கு வழி கேட்கும் பாட்டியின் வாயில் கியூ இன்று தமிழ்ச் சொல்போலவே வருகிறது.

மலாயர் பேசும் மொழியும் இந்தத் தெருக்களைப் போன்றதுதான். சொற்கள் பெரும்பாலும் மலாய். வாக்கிய அமைப்போ தமிழையும் சிங்களத்தையும் ஒட்டியது. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். மலேசியாவிலிருந்து வரும் ஒருவருக்கு அது பாதிதான் புரியும். மாலையில் இங்கே விற்கும் பிட்டும் பபத்தும் அப்படிப்பட்ட சேர்க்கையே. பிட்டு நம் வீட்டுப் பெயர். ஆட்டு, மாட்டு இரைப்பையைக் குறிக்கும் பபத், மலாய்ச் சொல்.

இன்று ஜாவா லேன் பக்கத்துப் பழைய வீடுகள் பல இல்லை. வாவிக் கரையெங்கும் கண்ணாடிக் கோபுரங்கள். அண்மை ஆண்டுகளில் அரசு, ஆங்கிலத்திலும் கொம்பஞ்ஞ வீதிய என்றே எழுதச் சொல்லியிருக்கிறது. 'அடிமை' என்ற சொல்லைத் தன் முகவரியில் சுமக்க யாருக்கும் மனம் வராது; அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூன்று மொழிகளிலும் இப்போது மிஞ்சியிருப்பது உரிமையாளரின் பெயர் மட்டும். பலகையில் இல்லாத பாதியை நடையில் வருவோருக்கு வழிகாட்டி சொல்லியே ஆக வேண்டும். தமிழில் நடத்தும் நடைக்கு அந்தக் கடமை இன்னும் கூடுதல்.

ஏனென்றால் அடைபட்டவர்களில் ஆப்பிரிக்கர் மட்டும் இருக்கவில்லை. காப்பிரி என்று நாம் அழைக்கும் ஆப்பிரிக்க வழியினரின் நினைவு கப்ரிஞ்ஞா ஆட்டத்திலும் புத்தளத்துச் சிரம்பியடியில் வாழும் குடும்பங்களிலும் எஞ்சியிருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களுக்கு அப்படி ஒரு தனி நினைவும் இல்லை. பீஜப்பூர்ப் படையெடுப்புகளுக்குப் பிறகு தஞ்சைச் சீமையில் பஞ்சம் தலைவிரித்தாடிய 1659 முதல் 1661 வரையான ஆண்டுகளில், பசியால் தங்களையும் பிள்ளைகளையும் விற்ற ஆயிரக்கணக்கானோரைக் கம்பனிக் கப்பல்கள் இலங்கைக்கும் ஜாவாவிலிருந்த பத்தாவியாவுக்கும் ஏற்றிச் சென்றன. கேப் டவுன் ஏடுகளில் அடிமைகளின் பெயருக்குப் பின்னால் 'கொரமண்டல்' என்று பிறந்த கரையையும் எழுதினார்கள். அது சோழமண்டலத்தின் திரிபு. ஒல்லாந்தர் ஆட்சிக்கால ஆவணங்கள் கொழும்புத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் தேடி, கிடைக்கும் அடிமைகளின் பெயர்களை வாவிக் கரையில் ஒரு கல்லில் மும்மொழியிலும் பொறிக்கலாம்.