சீட்டு, மொய், ஒரு டப்பா இனிப்பு



போன மாதம் நம் குடியிருப்பில் ஒரு குடும்பம் திருப்பதி போய் வந்தது. மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால், வாழை இலைத் துண்டில் கால் லட்டு. “எல்லா வீட்டுக்கும் பங்கு போட்டதில் இவ்வளவுதான் சார் வந்தது” என்றார் அந்த அம்மா, கொஞ்சம் கூச்சத்தோடு.

நீங்களும் வாங்கியிருப்பீர்கள், கொடுத்தும் இருப்பீர்கள். ஆனால் யோசித்ததுண்டா? வரிசையில் நின்றது அவர்கள், செலவு செய்தது அவர்கள். வீட்டில் சும்மா இருந்த நமக்கு எதற்குப் பங்கு? காமர்ஸ் படித்த எனக்கு இந்தக் கணக்கு வெகு நாளாகப் புரியவில்லை. விடை ஜப்பான் வரலாற்றில் கிடைத்தது.

என் மருமகன் வேலை நிமித்தம் ஜப்பான் போயிருந்தபோது ஒன்றைக் கவனித்தாராம். அங்கே ஊருக்குப் போய் வருகிறவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் இனிப்பு கொண்டுவந்தே ஆக வேண்டும். டப்பாவின் மேலேயே எத்தனை துண்டு என்று அச்சிட்டிருக்கும். ஆட்களை எண்ணிக்கொண்டு வாங்கலாம். இதற்கு ‘ஒமியாகே’ என்று பெயர். எழுதும்போது ‘மண்’, ‘விளைவது’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். போன ஊரின் மண்ணில் விளைந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழக்கம் பரவியதில் இசே என்ற ஊரின் கோவிலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1603 முதல் 1868 வரை, எடோ காலத்தில், சாதாரண மக்கள் நினைத்தபடி ஊர் விட்டு ஊர் போக முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும். இசே யாத்திரை என்றால் பெரும்பாலும் அனுமதி கிடைக்கும். ஆனால் எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, நடந்து போக ஒரு வழிக்கே ஏறக்குறைய இரண்டு வாரம். ஒரு விவசாயி அந்தச் செலவுக்கு எங்கே போவார்?

அதற்கு அவர்கள் கண்ட வழி நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: சீட்டு! ஊர்க்காரர்கள் ‘கோ’ என்ற குழுவாகச் சேர்ந்து சிறுகச் சிறுகப் பணம் போட்டார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்கள் எல்லோர் சார்பிலும் இசே போனார்கள். அடுத்த முறை மற்றவர்களுக்கு வாய்ப்பு. புறப்படும்போது உறவும் அக்கம்பக்கமும் வழிச்செலவுக்குக் கையில் பணம் கொடுப்பதும் உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதியும் வைத்தார்கள், நம் மொய் நோட்டு மாதிரியே.

ஆக, போனவர் தன் காசில் மட்டும் போகவில்லை. ஊரின் காசில், ஊருக்காகப் போனார். திரும்பும்போது வெறும் கையோடு எப்படி வருவார்? கோவிலின் காப்புச் சீட்டு, பஞ்சாங்கம் என்று சுமக்க எளிதானவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இனிப்பு அவ்வளவு தூரம் தாங்காது. இசேயின் அகாஃபுகு கடை 1707இல் தொடங்கியது என்கிறார்கள். அதன் பயறு விழுது பூசிய அரிசிக் கொழுக்கட்டை இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். 1872இல் ஜப்பானில் ரயில் ஓடத் தொடங்கி, பாதைகள் நீண்ட பிறகுதான் இனிப்பு டப்பாக்கள் ஊர் போய்ச் சேர்ந்தன. சீட்டுக் குழு அநேகமாக மறைந்துவிட்டது. டப்பா மட்டும் நிற்கிறது.

நம் ஊரிலும் இதேதானே? யாராவது திருப்பதி கிளம்பினால், “என் பேரில் உண்டியலில் போட்டுடுங்க” என்று பதினோரு ரூபாய் கொடுத்து அனுப்புவோம். லட்டு அதற்கு ரசீது.

இந்த ரசீது விஷயத்தில் எனக்கு ஒரு பழைய பாக்கி உண்டு. 1988இல் எல்.டி.சி. எடுத்துக் குடும்பத்தோடு காசி போனேன். எங்கள் கிளையில் பெருக்கித் துடைத்துத் தண்ணீர் எடுத்து வைக்கும் அம்மா ஐந்து ரூபாய் கொடுத்தார். “என் பேரைச் சொல்லி கங்கையில போட்டுடுங்க சார். வரும்போது ஒரு கயிறு மட்டும் கொண்டாங்க.”

பணத்தை மறக்காமல் போட்டேன். காசிக் கயிறும் ஒரு கட்டு வாங்கி வந்தேன். மேனேஜரில் தொடங்கி வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்ததில், அவர் முறை வந்தபோது கட்டு தீர்ந்துவிட்டது. “பணத்தைப் போட்டுட்டேன்மா” என்றேன். எல்லோர் மணிக்கட்டிலும் கறுப்புக் கயிறு இருப்பதைப் பார்த்தார். “சரிங்க சார்” என்று வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று காசு கொடுத்து அனுப்பியது அவர் ஒருவர்தான். கயிறு வாங்கிய மற்றவர்கள் ஒரு பைசா கொடுத்தவர்கள் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு சலான் அடிக்கட்டையைக் கொடுக்காமல் ஒரு வாடிக்கையாளரை அனுப்பினால், கவுன்ட்டரில் என்ன ரகளை நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அடுத்த ஆண்டு எனக்கு மாற்றல் வந்துவிட்டது. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

லீவு வருகிறது, பலரும் கிளம்புவீர்கள். நம் குடியிருப்பிலேயே மூட்டு வலியால் லிஃப்ட் வரை வர முடியாத பெரியவர்கள் இருக்கிறார்கள். நாம் ஊருக்குப் போகும்போது நம் வீட்டுக்கும் சேர்த்துக் காவல் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன் இருக்கிறார், குப்பை எடுக்க வரும் அம்மா இருக்கிறார். ஆட்களை எண்ணும்போது, போக முடியாதவர்களிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். கால் லட்டானாலும் பரவாயில்லை. கூச்சப்படாமல் கொடுங்கள்.