அட்டைத் துளையும் இறுதியாண்டு ப்ராஜெக்டும்

"ப்ராஜெக்டுக்கு ஒரு ஐடியா சொல்லுங்கண்ணா" என்று ஜூனியர்கள் கேட்கும்போதெல்லாம், "பிள்ளையார்பாளையம் போய்ட்டு வாங்கப்பா" என்பேன். சிரிப்பார்கள்.

அங்கே தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் கோத்துத் தொங்கும். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி பாவு நூலைத் தூக்கும். துளை இல்லையா, தூக்காது. ஒன்று, பூஜ்யம், அவ்வளவுதான்! பிரான்சில் ஜக்கார்டு இந்தத் தறியை அமைத்தது 1804-இல். பிறகு அவர் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள். அந்தப் படத்தில் ஒன்றை வாங்கி வைத்திருந்தவர் யார் தெரியுமா? சார்லஸ் பாபேஜ். தம் பகுப்பாய்வு இயந்திரத்துக்கும் அவர் இதே அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். இயந்திரம் முழுதாக உருவாகவில்லை, அட்டை பிழைத்தது. 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் துளை அட்டையில்தான் எண்ணினார்.

இத்தனையும் தெருக்கோடியில் இருக்க, என் வகுப்பில் பலர் காசு கொடுத்து ரெடிமேட் 'லைப்ரரி மேனேஜ்மென்ட்' வாங்கி, பேரை மாற்றி பைண்டிங் போட்டார்கள்!

புது டிசைன் போட சாஃப்ட்வேர் கடையிலேயே கிடைக்கிறது. ஆனால் பாட்டியின் நைந்த சேலையிலிருக்கும் புட்டாவைப் போட்டோ எடுத்து, இழை இழையாக எண்ணிக் கட்டத்தாளாக மாற்றுவது லேசில்லை. நூல் நகர்ந்திருக்கும், ஜரிகைப் பளபளப்பில் கேமரா ஏமாறும். சேலை இற்றுப்போனால் டிசைனும் போச்சு. இதில் இறங்குகிறவர்கள் முதலில் லென்ஸ் வைத்து ஒரே ஒரு புட்டாவைக் கையால் எண்ணுங்கள். புரோகிராம் சொல்வது சரியா என்று பார்க்க அந்தக் கணக்கு வேண்டும்.