15 கம்பிகளுக்கு ஒரு சண்டை

மவுஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். மோடம் டயல் செய்ய ஆரம்பித்ததும் திரையில் அம்புக்குறி அப்படியே நின்றுவிடும். 1990களில் கணினி வைத்திருந்த பலருக்கு இது பழகிப்போன காட்சி. வைரஸோ என்றுதான் முதலில் சந்தேகம் வரும். ஆனால் இதற்கான விதை 1981-லேயே போடப்பட்டுவிட்டது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. கீபோர்டு, ஃபிளாப்பி போன்றவை பிராசஸரைக் கூப்பிட ஒரு வழி வேண்டும் இல்லையா? அதுதான் இன்டரப்ட். கூப்பிட்டதும் பிராசஸர் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு வந்து கவனிக்கும். இந்த அழைப்புகளை வரிசைப்படுத்தியது இன்டெலின் 8259ஏ சிப். அதில் இருந்ததோ மொத்தம் 8 கம்பிகள். 0 டைமருக்கு, 1 கீபோர்டுக்கு, 6 ஃபிளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு என்று பங்கு பிரித்தாயிற்று. 1984-ல் வந்த ஏ.டி மாடலில் இன்னொரு சிப் சேர்த்தார்கள். அதை முதல் சிப்பின் 2-ஆம் கம்பியில் கோர்த்ததால் 16 கிடைக்கவில்லை, 15 தான். அதிலும் பாதிக்கு மேல் ஏற்கெனவே பட்டா போடப்பட்டவை!

சரி, ஒரே கம்பியை இருவர் பகிர்ந்துகொண்டால் என்ன? பழைய ஐ.எஸ்.ஏ கார்டுகளில் அது நடக்காது. கம்பியில் மின்னழுத்தம் ஏறும் அந்தக் கணத்தை மட்டும்தான் சிப் கவனிக்கும். ஒரு கார்டு ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தால், இன்னொன்று கூப்பிடுவது காதில் விழாது. அது பதிலுக்குக் காத்துக்கொண்டே கிடக்கும். பார்ப்பவருக்கு கணினி உறைந்துவிட்டது. 1-ஆம் சீரியல் போர்ட்டும் 3-ஆம் போர்ட்டும் ஒரே 4-ஆம் கம்பியில் இருந்தன. ஒன்றில் மவுஸ், மற்றதில் மோடம். முதல் காட்சியின் மர்மம் அவ்வளவுதான்.

1989-ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் இன்னொரு தலைவலி. ஆரம்பகால கார்டுகள் பிரிண்டரின் 7-லேயே உட்கார்ந்தன. பிறகு 5 வழக்கமாயிற்று. அங்கே வேறு கார்டு இருந்தால், விளையாட்டு தொடங்கியதும் அரை நொடி சத்தம் கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி திரும்பத் திரும்பக் கேட்கும்.

தீர்வு? ஸ்க்ரூ டிரைவர்தான். எல்லா கார்டுகளையும் கழற்றி, ஒவ்வொன்றாக மாட்டி, எது வந்ததும் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு அந்தக் கார்டில் நகக்கண் அளவு ஜம்பரைப் பிடுங்கி வேறு எண்ணில் செருகுவது. ஜம்பர் கீழே விழுந்தால் அன்றைய பொழுது தரையைத் துழாவுவதில் போகும்.

1995-ல் விண்டோஸ் 95 'செருகு, ஓடும்' என்று வாக்குக் கொடுத்தது. ஜம்பர் வைத்த பழைய கார்டுகள் அதன் பேச்சைக் கேட்கவில்லை. 'செருகு, சாமியை வேண்டிக்கொள்' என்று கேலி செய்தார்கள். ஆனாலும் மோதலை மஞ்சள் ஆச்சரியக்குறி போட்டுக் காட்டியதே பெரிய உதவி.

உண்மையில் சண்டையைத் தணித்தது 1992-ல் வந்த பி.சி.ஐ. அதில் கம்பியைப் பகிரலாம். ஒவ்வொரு டிரைவராக 'கூப்பிட்டது உன் கார்டா?' என்று கேட்கப்படும். பின்னால் வந்த பி.சி.ஐ எக்ஸ்பிரஸில் இன்டரப்டுக்குத் தனிக் கம்பியே கிடையாது, செய்தியாகவே அனுப்புகிறார்கள். ஆனால் சீரியல் போர்ட் உள்ள மதர்போர்டுகளில் முதல் போர்ட்டுக்கு வழக்கமாகக் கிடைப்பது இன்றும் அதே 4 தான்.