வில்வண்டி ஜமுக்காளம் முதல் லெதர் சீட்டு வரை: ஒரு சின்ன வரலாறு



படவேட்டில் என்னிடம் படித்த ஒருவர் சென்னையில் வேலை பார்க்கிறார். முதன்முதலாகக் கார் வாங்கப் போகிறார். "சார், ஏழு வருஷ லோன் போட்டு எடுக்கிறேன். அதுக்கப்புறமும் ஏழெட்டு வருஷம் ஓட்டணும். துணி சீட்டே போதுமா, ரெக்சின் போடலாமா, காசு கூடக் கொடுத்து லெதர் வாங்கலாமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கடன் முடிவதற்குள் சீட்டு உரிந்து தொங்கினால் மனசு கஷ்டப்படும். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் இதற்கான பதில் வரலாற்றில் இருக்கிறது. அதில் ஒரு பங்கு நம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வில்வண்டி. ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வண்டி கட்டி வந்த காலத்தில், அடியில் வைக்கோல் பரப்பி மேலே ஜமுக்காளம் விரிப்பார்கள். வைக்கோல் நசுங்கிப் போனால் எடுத்துவிட்டுப் புதிது பரப்புவார்கள். ஜமுக்காளம் அழுக்கானால் துவைத்துக் காயப்போடுவார்கள். மெத்தை தனி, மேல்விரிப்பு தனி. எது கெட்டதோ அதை மட்டும் மாற்றினால் போதும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

மேல்நாட்டிலும் கார் என்பது குதிரை வண்டியின் பிள்ளைதான். கோச்சு வண்டி செய்தவர்களே முதல் கார்களுக்கும் உடல் கட்டினார்கள். சென்னையில் சிம்சன் கம்பெனி 1840-இல் கோச்சு வண்டிப் பட்டறையாகத்தான் தொடங்கியது. அந்தப் பட்டறையில்தான் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்தார்கள். குதிரை வண்டி இருக்கையில் இருந்த குதிரை முடித் திணிப்பும் தோல் மேலுறையும் அப்படியே காருக்குள் வந்தன.

இதில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் கார்களில் தோல் இருக்கை டிரைவருக்குத்தான். அவர் உட்காரும் இடம் திறந்தவெளி. மழையும் வெயிலும் படும். தோலைத் துடைத்துவிடலாம். பின்னால் கண்ணாடிக்குள் உட்கார்ந்த முதலாளிக்கு மெல்லிய கம்பளித் துணி. அதாவது தோல் உழைப்புக்கு, துணி சொகுசுக்கு. இன்று ஷோரூமில் இது தலைகீழாகிவிட்டது.

சரி, தோல் எப்படித் தோலாக நீடிக்கிறது? பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். காயவைத்தால் பலகை போல விறைத்துவிடும். துவர்ப்புள்ள சாறு அதற்குள் இறங்கித் தோலின் புரத நார்களைப் பிடித்துக்கொள்ளும்போதுதான் அது பதப்படுகிறது. அந்தத் துவர்ப்பு நம் பக்கத்தில் இரண்டு இடங்களில் கிடைத்தது. ஒன்று, கொல்லைமேட்டில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டை. இன்னொன்று, ஜவ்வாது மலையில் மலைவாழ் மக்கள் பொறுக்கி வந்து விற்ற கடுக்காய். நாம் வயிற்றுக்குச் சாப்பிட்ட அதே கடுக்காய்தான். இவற்றை வைத்துப் பதப்படுத்திய தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போனது. 'கிழக்கிந்தியத் தோல்' என்றே அதற்குப் பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு அதைத்தான் வாங்கிக் குவித்தார்கள். மலைக்கு வடக்கே வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் தோல் ஊர்களாக வளர்ந்தன.

பட்டைச் சாற்றில் பதப்படுத்தப் பல வாரம் ஆகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தில் குரோம் உப்பு முறையைக் கொண்டுவந்தார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது. குரோம் தோல் மிருதுவானது. கொதிநீரிலும் சுருங்காது. பல்லாவரம் பக்கத்தில் இதற்காக வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர். ரயிலில் அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1948-இல் அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் வந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. தோல் கழிவு பாலாற்றில் கலந்தது. கிணறுகள் கெட்டன, நிலங்கள் பாழாயின. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்று நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் அந்தத் தீர்ப்பைக் காட்டுகிறார்கள். அது நம் பக்கத்து ஆற்றுக்காக எழுதப்பட்ட தீர்ப்பு. தோல் இருக்கை கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தத் தொழிலில்தான் சாப்பிடுகின்றன. வாங்கினால் பராமரித்து இருபது வருடம் வைத்திருங்கள். ஐந்து வருடத்தில் தூக்கிப் போடுவதற்கு அது மிகவும் விலை கொடுத்து வந்த பொருள்.

அடுத்து ரெக்சின். இது நம் சொல் போலவே ஆகிவிட்டது. உண்மையில் மான்செஸ்டர் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் ஒரு கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். துணிமேல் நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளைப் பூசித் தோல் போல அச்சு அழுத்துவார்கள். வெடிமருந்துக்கும் அதே பொருள்தான். அமெரிக்காவில் வெடிமருந்து செய்த டூபாண்ட் கம்பெனி 1910-இல் செயற்கைத் தோல் கம்பெனி ஒன்றை வாங்கியதற்கும் இதுதான் காரணம். கையில் இருக்கும் சரக்குக்கு இன்னொரு சந்தை வேண்டுமல்லவா? ஃபோர்டின் மாடல் டி காரிலும் செயற்கைத் தோல் ஏறியது. ஏழை எளியவரும் கார் வாங்கியதற்கு இந்த மலிவும் ஒரு காரணம்.

1926-இல் அமெரிக்க வேதியியலாளர் வால்டோ சீமன், பி.வி.சி. என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கோடு எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலந்து ரப்பர் போல வளைய வைத்தார். பிறகு ரெக்சின் என்றாலே பி.வி.சி. பூசிய துணி என்று ஆகிவிட்டது. நம் மேட்டூரிலேயே 1960-களில் பி.வி.சி. தயாரிக்கத் தொடங்கினார்கள்.

அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். சித்திரை வெயிலில் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் தொடை பொரிந்துவிடும். அதனால்தான் அதிகாரிகளின் கார்களில் வெள்ளைப் பருத்தி உறையும் முதுகில் டர்க்கி டவலும் வந்தன. அதை வெறும் அந்தஸ்து என்று நினைக்காதீர்கள். ஜமுக்காளத்தின் வேலையை அந்த டவல் செய்தது. வியர்வையைக் குடித்தது, வாரம் ஒருமுறை வண்ணாரிடம் போய் வந்தது, அடியில் இருந்த ரெக்சினை வெயிலிலிருந்து காத்தது. அம்பாசிடர் 2014 வரை உற்பத்தியானது. பல வண்டிகளில் இரண்டு மூன்று முறை இருக்கை மாற்றித் தைத்திருப்பார்கள். ஒவ்வோர் ஊரிலும் குஷன் கடை இருந்தது. கொக்கி, சுருள் வில், தேங்காய் நார், மேலே ரெக்சின். எல்லாவற்றையும் பிரிக்கலாம், எல்லாவற்றையும் மாற்றலாம்.

தேங்காய் நார் என்றதும் சிரிக்காதீர்கள். நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய மெத்தையை ஜெர்மனியின் மெர்சிடிஸ் கார்களிலேயே பல ஆண்டுகள் வைத்தார்கள். காற்று உள்ளே புகுந்து வெளியே வரும், சூடு தங்காது. பிறகு வந்த ஃபோம் அச்சில் வார்த்து எடுக்க எளிது, மலிவு. அதனால் நார் பின்வாங்கியது.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் பிறகு படிப்படியாகத் துணி சீட்டு நமக்குப் பழக்கமானது. இன்றைய துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். வெயிலுக்கு நன்றாகவே தாங்கும். வியர்வை நாற்றமும் கறையும்தான் அதற்கு எதிரி.

இப்போது ஒவ்வொன்றும் எதனால் சாகிறது என்று பாருங்கள். இதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி.

தோல் வறட்சியால் வெடிக்கும், ஈரத்தால் பூஞ்சை பிடிக்கும்.

பி.வி.சி. ரெக்சின் சூட்டால் சாகும். மூடி நிறுத்திய காரில் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில், வளைவதற்காகக் கலந்த பொருள் மெல்ல ஆவியாகி வெளியேறும். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போலப் படிகிறதே, அதில் இதுவும் சேர்ந்திருக்கும். அது போய்விட்டால் ரெக்சின் விறைத்து வெடிக்கும்.

'பி.யு. லெதர்' என்று விற்பது பாலியூரிதேன் பூச்சு. தொட்டால் தோலை விட மென்மை. ஆனால் மலிவான ரகத்தை ஈரக்காற்றே சிதைத்துவிடும். கல்யாண மண்டப சோபா பொருக்குப் பொருக்காக உரிந்து பெண்ணின் பட்டுப்புடவையில் ஒட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். சென்னையின் கடற்காற்றுக்கு இதை யோசித்து வாங்குங்கள்.

இந்த வரலாற்றை வைத்து நான் சொல்வது இவ்வளவுதான்:

1. குடும்பக் காருக்குக் கம்பெனியே கொடுக்கும் நெருக்கமான நெசவுள்ள, அடர்நிறத் துணி சீட்டு போதும். அதன்மேல் கழற்றித் துவைக்கும் பருத்தி உறை போடுங்கள். கோயிலுக்குப் போய் வந்து மஞ்சள் ஒட்டினால் பயப்படாதீர்கள். சோப்பு நீரில் துடைத்து வெயில் காட்டுங்கள். மஞ்சள் நிறம் வெயிலில் மங்கும்.

2. சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள் அதிகம் ஏறும் வண்டி என்றால் துடைக்க எளிதான கனமான பி.வி.சி. ரெக்சின் நல்லது. பின்பக்கம் திருப்பிப் பார்த்து, அடித்துணி கெட்டியாக இருக்கிறதா என்று கவனியுங்கள். நூல் நைலான் அல்லது பாலியெஸ்டராக இருக்க வேண்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுவிடும்.

3. லெதர் என்றால் முழுவதும் தோல்தானா என்று கேளுங்கள். பல கார்களில் உடம்பு படும் இடம் மட்டும்தான் தோல். பக்கவாட்டில் பி.வி.சி. இருக்கும்.

4. சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் சாதாரண உறை போட்டு மூடக்கூடாது. விபத்தின்போது அது வெளியே வர வழி வேண்டும். அதற்கென்று தைத்த உறைதான் போட வேண்டும்.

5. நிழலில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் முன் கண்ணாடிக்கு ஒரு மறைப்பு. எந்த பாலிஷையும் விட இது பெரிய வைத்தியம். தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைக்கவே கூடாது.

6. புதிதாகத் தைக்கும்போது அதே துணியில் அரை மீட்டர் கூடுதலாக வாங்கி வீட்டில் வையுங்கள். ஐந்து வருடம் கழித்து அந்த நிறம் கடையில் கிடைக்காது.

எந்தப் பொருளும் தானாகப் பதினைந்து வருடம் நிற்பதில்லை. பிரித்து, கெட்டதை மட்டும் மாற்றித் தைக்க முடிகிறதா என்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. வில்வண்டிக்காரருக்கு இது தெரிந்திருந்தது. அம்பாசிடர் காலத்துக் குஷன் கடைக்காரருக்கும் தெரிந்திருந்தது. அந்தக் கடைகள் இன்று குறைந்து வருகின்றன. பத்து நிமிடத்தில் மாட்டிக் கொடுக்கும் ரெடிமேட் உறைகள் வந்துவிட்டன. ஊசியும் நூலும் பிடித்த கை ஓய்ந்துவிட்டால், நல்ல தோல் வாங்கினாலும் கிழிசலைத் தைக்க ஆள் இருக்காது. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் அவரிடம் வேலை கொடுங்கள். பேரம் பேசாதீர்கள்.

போளூர், ஆரணி, வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் உங்களுக்குத் தெரிந்த நல்ல குஷன் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். மற்றவர்களுக்கு உதவும். வீட்டில் பெரியவர்களைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், படவேடு